நிலக்கரி இல்லாத ஊரிலிருந்து இங்கிலாந்தைப் பார்ப்பது

மேலை நாடுகள் எப்படி முன்னேறின என்று கேட்டால் நம் பக்கத்தில் வழக்கமாக இரண்டு விடைகள் கிடைக்கும். வெள்ளைக்காரன் மூளைக்காரன் என்பது ஒன்று. நம்மைச் சுரண்டித்தான் அவன் பெரிய ஆளானான் என்பது மற்றொன்று. முதல் விடை பொய். இரண்டாவதில் மறுக்க முடியாத உண்மை இருக்கிறது. ஆனாலும், சுரண்டுவதற்கான கப்பலும் பீரங்கியும் அவனிடம் எப்படி வந்து சேர்ந்தன என்பதை அது சொல்வதில்லை. இவ்விரண்டையும் சொல்பவர்கள் காலுக்குக் கீழே குனிந்து பார்ப்பதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். மண்ணுக்கு அடியில் என்ன கிடந்தது, அது எதற்குப் பக்கத்தில் கிடந்தது, எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்பவை ஒரு நாட்டின் வரலாற்றில் எவ்வளவு தூரம் கைவைக்கின்றன என்பதை, திருநெல்வேலிச் சீமையில் இருந்துகொண்டு பார்த்தால் இன்னும் தெளிவாகவே விளங்கும். ஏனென்றால் இங்கே நிலக்கரி என்ற அந்த ஒரு பொருள் மட்டும் இல்லை.

நாங்குநேரி, களக்காடு, அம்பாசமுத்திரம் பக்கத்துக் கல்குவாரிகளில் புதிதாக உடைத்த கல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெள்ளையும் கருப்புமாகப் பட்டை பட்டையாக ஓடும் அந்தப் பாறையில் எள்ளளவிலும் மிளகளவிலும் சிவந்த புள்ளிகள் தெரியும். அவை கார்னெட் மணிகள். பூமிக்குள் இருபது கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், ஏழு நூறு டிகிரியைத் தாண்டிய வெப்பத்தில் வெந்த பாறையில்தான் இவை இப்படி விளையும். மேலே இருந்த அத்தனை கனமும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் மழையாலும் காற்றாலும் கரைந்துபோன பிறகே அந்த அடிப்பாறை நம் காலடிக்கு வந்திருக்கிறது. இது வெந்து முடிந்தது 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு. அப்போது நிலத்தில் மரம் என்ற ஒன்றே தோன்றியிருக்கவில்லை. மரம் தோன்றாத காலத்துப் பாறையில் நிலக்கரியைத் தேட முடியாது. நமக்குக் கிடைத்தது உறுதியான கருங்கல், கடற்கரையில் ஒதுங்கும் கனிம மணல், தாழையூத்துப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் ஆகியவை.

இரும்பும் நமக்குப் புதிதல்ல. ஆதிச்சநல்லூரில் 1899-க்குப் பிறகு அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்த ஈட்டிகளையும் வாள்களையும் நாம் அறிவோம். தாமிரபரணிக் கரையில் அதற்கு அருகிலுள்ள சிவகளையின் மாதிரிகளைக் கொண்டு, இங்கே இரும்பின் பயன்பாடு கி.மு. நான்காம் ஆயிரமாண்டு வரை பின்னோக்கிச் செல்கிறது என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டது. ஆக, உலையும் துருத்தியும் தாதுவை உருக்கும் கைத்திறனும் இந்த மண்ணில் மிகப் பழையவை. ஆனால் அந்த உலைகளில் எரிந்தது மரக்கரி. எவ்வளவு காடு இருக்கிறதோ அவ்வளவுதான் இரும்பு; ஒரு காட்டை வெட்டி முடித்தால் அது மறுபடி வளரும்வரை கொல்லன் காத்திருக்க வேண்டும். உலகின் பெரும்பாலான நாடுகளுக்குப் பொதுவாக இருந்த எல்லை இது. 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துகூடத் தன் சொந்த இரும்பு போதாமல் சுவீடனிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் இரும்பை இறக்குமதி செய்துகொண்டிருந்தது.

அந்த எல்லையை உடைத்த நிலக்கரி, சுமார் 36 கோடி ஆண்டுகளிலிருந்து 30 கோடி ஆண்டுகள் முன்புவரை நீண்ட கார்பானிஃபெரஸ் காலத்தில் உருவானது. அப்போது பிரிட்டன் இருந்த நிலப்பகுதி நிலநடுக்கோட்டின் அருகே, வெப்பமும் ஈரமும் மிகுந்த சதுப்புக் காடாகக் கிடந்தது. மட்கிய மரங்களின் மேல் சேறும் மணலும் அடுக்கடுக்காகப் படிந்து அழுத்தின. பிறகு நிலம் மடிந்து உயர்ந்தபோது அந்தப் படலங்கள் பல இடங்களில் மேற்பரப்புக்கு அருகிலேயே தலைகாட்டின. நியூகாசில் பக்கத்தில் டைன் ஆற்றின் கரையிலேயே கரி கிடைத்ததால், அதைப் படகில் ஏற்றிக் கடல்வழியே லண்டனுக்குக் கொண்டுபோக முடிந்தது. தரைவழியே மாட்டுவண்டியில் சில மைல் போனாலே விலை பலமடங்காகிவிடும் ஒரு சரக்குக்கு, ஆறும் கடலும் பக்கத்தில் இருந்தது எப்பேர்ப்பட்ட பேறு என்பதைச் சரக்கு ஏற்றி இறக்கும் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள்.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் கவர்வது சுரங்கத்துத் தண்ணீர்தான். மேலாகக் கிடந்த கரி தீர்ந்து ஆழத்துக்குப் போனவுடன் ஊற்று பெருகிக் குழி நிரம்பியது. குதிரைகளைக் கட்டி இறைத்துப் பார்த்தார்கள், கட்டுப்படியாகவில்லை. 1712-இல் டட்லி நகருக்கு அருகே ஒரு கரிச்சுரங்கத்தின் வாயில் தாமஸ் நியூகோமன் அமைத்த நீராவிப் பொறி அந்த நீரை இறைத்தது. உண்மையில் அது மோசமான இயந்திரம். எரிக்கும் கரியின் ஆற்றலில் ஒரு சதவீதம்கூட வேலையாக மாறவில்லை. வேறு எந்த ஊரில் வைத்திருந்தாலும் அதற்குத் தீனிபோட்டு மாளாது என்று இரண்டாம் நாளே கழற்றி எறிந்திருப்பார்கள். ஆனால் சுரங்க வாயில், விற்பனைக்கு ஆகாத கரித்தூள் மலையாகக் குவிந்து கிடந்தது. ஆகவே அந்தத் தின்னிப் பொறி அங்கே பிழைத்துக்கொண்டது. பிழைத்ததால் அதைப் பார்க்கவும் பழுது பார்க்கவும் திருத்தவும் ஆட்கள் உருவானார்கள். கரி கிடைத்ததால் பொறி வந்தது என்பதைவிட, கரி தண்ணீருக்குள் கிடைத்ததாலும், வீணாகும் கரி பக்கத்திலேயே இருந்ததாலும் பொறி வந்தது என்று சொல்வதே சரி.

அடுத்த படி கரியே இல்லாத இடத்தில் நடந்தது. தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வால் நம்மூரைப் போலவே கடினப் பாறை நிலம்; வெள்ளீயமும் செம்பும் உண்டு, கரி இல்லை. கரியை வேல்சிலிருந்து கப்பலில் தருவிக்க வேண்டும். திரும்பிப் போகும் கப்பல்களில் செம்புத் தாதுவை ஏற்றி ஸ்வான்சீ உலைகளுக்கு அனுப்பினார்கள். கரி விலை கூடிய அந்த ஊர்ச் சுரங்கங்களுக்கு நியூகோமனின் பொறி கையைக் கடித்தது. 1769-இல் காப்புரிமை பெற்ற ஜேம்ஸ் வாட்டின் திருத்திய பொறியை அவர்கள் ஆவலோடு வாங்கியதற்குக் காரணம் இதுதான். வாட்டும் அவருடைய கூட்டாளி போல்டனும், பழைய பொறியோடு ஒப்பிட்டால் எவ்வளவு கரி மிச்சமாகிறதோ அதன் மதிப்பில் மூன்றிலொரு பங்கைக் கட்டணமாக வாங்கினார்கள். கரி மலிந்த நிலம் பொறியைப் பெற்றெடுக்க, கரி அருகிய நிலம் அதற்குச் சிக்கனத்தைக் கற்றுக்கொடுத்தது. இரண்டு நிலங்களும் ஒரே நாட்டுக்குள் அமைந்திருந்தன.

இதற்கெல்லாம் முன்பே 1709-இல் கோல்புரூக்டேல் என்ற சிற்றூரில் ஆபிரகாம் டார்பி, மரக்கரிக்குப் பதிலாகக் கல்கரியை இட்டு இரும்பை உருக்கியிருந்தார். நிலக்கரியை அப்படியே உலையில் போட்டால் அதிலுள்ள கந்தகம் இரும்பை நொறுங்க வைத்துவிடும். அதனால் அதை முன்கூட்டியே சுட்டுக் கல்கரியாக்கினார். அந்தப் பள்ளத்தாக்கின் கரியில் இயல்பாகவே கந்தகம் குறைவு என்பது அவருக்குக் கிடைத்த கொடை. அதே பள்ளத்தாக்கில் இரும்புத்தாதும் சுண்ணாம்புக்கல்லும் இருந்தன. கீழே செவர்ன் ஆறு சரக்கை ஏற்றிப்போகக் காத்திருந்தது. 1779-இல் அவருடைய பேரன் அந்த ஆற்றின் மேலேயே வார்ப்பிரும்புப் பாலம் ஒன்றை எழுப்பினார்.

அருகாமை என்ற இந்த ஒன்றைச் சீனாவோடு ஒப்பிட்டால் அதன் கனம் புரியும். சீனாவில் நிலக்கரி மிக அதிகம். அங்கே அதை எரிக்கும் பழக்கமும் ஐரோப்பாவுக்கு முந்தையது. ஆனால் பெரும் படிவுகள் வடமேற்கில் ஷான்சியில் கிடக்க, நெசவும் வணிகமும் செழித்த ஊர்கள் தொலைவில் யாங்சி ஆற்றின் முகத்துவாரத்தில் இருந்தன. இடையே எளிதான நீர்வழி இல்லை. இதே காரணத்தை வைத்துத்தான் தொழிற்புரட்சி யாங்சிக் கரையில் நிகழவில்லை என்று வாதிடும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன், முழுவதையும் அல்ல. ஏனென்றால் ஸ்பெயின் கண்முன்னே நிற்கிறது. 1545 முதல் தென் அமெரிக்காவின் பொட்டோசி மலையின் வெள்ளி அந்த நாட்டுக்குக் கொட்டியது. அந்தச் சுரங்கங்களில் ஆண்டிஸ் மலைவாழ் மக்கள் கட்டாய உழைப்பில் மாண்டார்கள். வெள்ளியோ ஸ்பெயினின் போர்ச் செலவுக்கும் கடனுக்கும் போய், கடைசியில் பெரும்பகுதி சீனாவையும் இந்தியாவையும் வந்தடைந்தது. ஸ்பெயினில் ஆலை எழும்பவில்லை. கனிமம் வாய்ப்பைத் தரும். அந்த வாய்ப்பைப் பற்றிக்கொள்ள ஆள் வேண்டும், கூலி வேண்டும், அரசு வேண்டும்.

ஜெர்மனியின் கதையில் ஒரு வேதியியல் திருப்பம் இருக்கிறது. 1871-இல் பிரான்சிடமிருந்து அது எடுத்துக்கொண்ட லொரைன் பகுதியின் இரும்புத்தாது ஏராளம். ஆனால் அதில் பாஸ்பரஸ் கலந்திருந்ததால் நல்ல எஃகு செய்ய முடியவில்லை. லண்டன் காவல் நீதிமன்றம் ஒன்றில் எழுத்தராக இருந்த சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸ் என்பவர், வேதியியலாளரான தம் உறவினரோடு சேர்ந்து, உலையின் உட்புறத்தில் சுண்ணாம்புத்தன்மையுள்ள பூச்சைக் கொடுத்தால் பாஸ்பரஸ் கசடோடு பிரிந்துவிடும் என்று 1870-களின் இறுதியில் கண்டறிந்தார். பிரிட்டன்காரர் கண்டுபிடித்தது ஜெர்மனியின் பாறைக்குத்தான் அதிகம் பயன்பட்டது: ரூர் பள்ளத்தாக்கின் கரியும் லொரைனின் தாதுவும் சேர, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஜெர்மனி எஃகில் பிரிட்டனை முந்தியது. இந்தக் கரியும் இந்தத் தாதுவும் எல்லைக் கோட்டின் இருபுறமும் கிடந்ததால் பிரான்சும் ஜெர்மனியும் எத்தனை முறை மோதின என்பது தெரிந்ததே. 1951-இல் அந்த இரண்டையும் பொது நிர்வாகத்தின் கீழ்க் கொண்டுவரச் செய்த உடன்படிக்கையிலிருந்துதான் இன்றைய ஐரோப்பிய ஒன்றியம் வளர்ந்தது. அமெரிக்காவுக்குப் பென்சில்வேனியாக் கரியும், மினசோட்டாவின் தாதுவும், இரண்டையும் இணைக்கப் பனியாறுகள் குடைந்துவைத்த பேரேரிகளும், 1859-இல் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் கிடைத்த எண்ணெயும் வாய்த்தன.

மண்ணும் இந்தக் கணக்கில் சேர்ந்ததே. அமெரிக்காவில் அலபாமா வழியாக ஓடும் கருமண் பட்டை, டைனோசர் காலத்துக் கடலில் படிந்த சுண்ணப் படிவத்தின் மேல் உருவானது. அந்த மண்ணில் பருத்தி செழித்தது. அதைப் பறிக்க ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக்கினார்கள். 1861-இல் உள்நாட்டுப் போர் மூண்டு அந்தப் பருத்தி நின்றபோது, ஆங்கிலேய ஆலைகள் கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம் கரிசலின் பக்கம் திரும்பின. திருநெல்வேலிப் பருத்தி என்ற பெயரிலேயே அது தூத்துக்குடியிலிருந்து கப்பலேறியது. 1876-இல் அந்தத் துறைமுகத்துக்கு ரயிலும் வந்துவிட்டது. இரண்டு கரிசல்கள், உலகின் இரண்டு பக்கங்களில், ஒரே நாட்டின் கரிப்பொறிகளுக்குப் பஞ்சை ஊட்டியிருக்கின்றன.

இந்தியாவுக்குள் நிலக்கரி இல்லாமலா போயிற்று என்று கேட்கலாம். வங்காளத்தின் ராணிகஞ்சில் 1774-லேயே சுரங்கம் தொடங்கியது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1851-இல் அமைந்ததற்கு முதன்மைக் காரணமே கரி தேடல்தான். பிரிட்டனின் கரியைவிட இளையதான, கோண்டுவானா எனப்படும் பாறை அடுக்குகளில் கிடைக்கும் இந்தக் கரியில் சாம்பல் அதிகம் என்பது உண்மை. ஆனால் அதைவிட முக்கியமானது, அது யாருடைய அடுப்பில் எரிந்தது என்பது: ஆட்சியாளரின் ரயிலுக்கும் ஆற்றுக் கப்பலுக்கும் எரிந்தது. 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, ஐரோப்பாவிலிருந்து கப்பல்களை வாங்க வேண்டியிருந்தது. எதிரில் நின்ற ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து அடித்தது. அரசு அவரைச் சிறைக்கு அனுப்பியது. புவியியலை மட்டும் வைத்து இதை விளக்கிவிட முடியாது, விளக்கவும் கூடாது.

கரி எடுத்தவர்களையும் மறந்துவிடக் கூடாது. பெண்களும் பத்து வயது நிரம்பாத சிறுவர்களும் பிரிட்டனின் சுரங்கத்துக்குள் இறங்கக் கூடாது என்று சட்டம் வந்ததே 1842-இல்தான். அந்த நாட்டின் கரி உற்பத்தி உச்சத்தை எட்டி 28.7 கோடி டன்னானது 1913-இல். அதே ஆண்டு தென் வேல்சின் செங்கனித் சுரங்க வெடிவிபத்தில் 439 தொழிலாளர்கள் இறந்தார்கள்.

நம் சீமையில் கரி இல்லாததன் அடையாளம் இன்றும் தெரிகிறது. ஹார்வி சகோதரர்கள் 1880-களில் விக்கிரமசிங்கபுரத்தில் நூற்பாலை அமைத்தபோது, பாபநாசம் அருவியின் நீர்விசையை நம்பித்தான் வந்தார்கள். தூத்துக்குடி அனல்மின் நிலையத்துக்கு வேண்டிய கரி பெரும்பாலும் ஒடிசாச் சுரங்கங்களிலிருந்து ரயிலில் பாரதீப் துறைமுகம் வந்து, அங்கிருந்து கப்பலில் வருகிறது. நியூகாசில் கரி லண்டனுக்குப் போன அதே முறை. மறுபக்கம், மேற்குத் தொடர்ச்சி மலை தாழ்ந்து இடைவெளி விடும் ஆரல்வாய்மொழிக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும் தென்மேற்குக் காற்றை ஒடுக்கி வேகமாக்கி அனுப்புவதால், ஆனி ஆடியில் முப்பந்தல், ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகள் ஓய்வில்லாமல் சுற்றுகின்றன. இதுவும் பாறையின் அமைப்பு தந்ததே.

இந்தத் தென்கோடிப் பாறைகள் கரைந்து கடலோரம் சேர்ந்த மணலில் மோனசைட் என்ற கனிமமும் இருக்கிறது. மணவாளக்குறிச்சியில் அதை 1909-இல் அடையாளம் கண்டவர் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர். தென்னங்கயிற்றில் ஒட்டி ஐரோப்பாவுக்குப் போன மணலிலிருந்தே அவர் அதைத் துப்புப் பிடித்தார். அன்று ஜெர்மனிக்கு அதிலுள்ள தோரியம் வாயு விளக்கின் வலைத்திரிக்காகத் தேவைப்பட்டது. அதே மோனசைட்டில் நியோடிமியம் என்ற உலோகமும் உண்டு. சிலவகைக் காற்றாலைகளுக்கும் மின்வண்டிகளுக்கும் வேண்டிய வலிய காந்தங்களை அதைக்கொண்டுதான் செய்கிறார்கள். தாது நம் கரையில் கிடக்கிறது. அந்தக் காந்தங்களில் மிகப் பெரும்பகுதி இன்று சீனாவில் தயாராகிறது.