இரண்டு கம்பும் தொடுவானமும்: கடற்கரை மணலை அளக்கும் முறை

கடல் ஊருக்குள் வருகிறது என்று சொல்ல வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு படங்களைக் காட்டுகிறார்கள். போன வருடம் தண்ணீர் அங்கே, இந்த வருடம் இங்கே. அவர்களுடைய கவலை நியாயமானது, ஆனால் அந்தப் படங்கள் சாட்சிக்கு நிற்காது. 20 மீட்டருக்கு 1 மீட்டர் சரியும் கரையில், ஓதம் (கடல் மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம்) அரை மீட்டர் ஏறினாலே நீர்க்கோடு 10 மீட்டர் உள்ளே வந்துவிடும். சென்னையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் ஏறி இறங்குவது சுமார் ஒரு மீட்டர். ஒரே நாளில் எடுத்த இரண்டு படங்களிலேயே 20 மீட்டர் கரையைக் காணாமல் போகச் செய்துவிடலாம். அளக்க வேண்டியது மணலை, நீர்க்கோட்டை அல்ல.

அதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கே. ஓ. எமரி என்ற அமெரிக்கக் கடல் நிலவியலாளர் 1961இல் எழுதிவைத்த முறை ஒன்று இருக்கிறது. இரண்டு கம்பு, ஒரு கயிறு, எதிரே தொடுவானம், இவ்வளவுதான். உலகம் முழுக்க இன்றும் மாணவர்கள் முதல் ஆய்வாளர்கள் வரை இதைப் பயன்படுத்துகிறார்கள்.

மரக்கடையில் நேரான ரீப்பர் இரண்டு வாங்கி, இரண்டையும் மிகச் சரியாக 1.5 மீட்டருக்கு வெட்டுங்கள். பிவிசி குழாய் வேண்டாம், வெயிலில் வளையும். மேல்முனையைப் பூஜ்யமாக வைத்து, கீழ்நோக்கி 2 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டு எண் எழுதுங்கள். ஈர மணலில் கம்பு புதையாமல் இருக்க, அடியில் உள்ளங்கை அளவு பலகைத் துண்டு ஒன்றை ஆணியடித்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் கம்பை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் ஒரு செ.மீ. தவறும், 40 முறை நகர்த்தினால் அது பெரிய பொய்யாகிவிடும். கம்புகளுக்கு இடையே 1.5 மீட்டர் நீளத்தில் நீட்சி இல்லாத நைலான் கயிறு.

தொடங்கும் புள்ளி அசையாததாக இருக்க வேண்டும். கான்கிரீட் தூண், கோயில் மதில், பழைய கட்டடத்தின் படி போன்றவை நல்லது. தென்னை மரமோ மணல் மேடோ உதவாது. புள்ளியில் பெயிண்ட் அடையாளம் வைத்து, அங்கிருந்து எந்தத் திசையில் கடலுக்கு இறங்குகிறீர்கள் என்பதைத் திசைகாட்டியில் பாகைக் கணக்கில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறையும் அதே கோட்டில்தான் நடக்க வேண்டும்.

ஒருவர் கரைப் பக்கக் கம்பையும் மற்றவர் கடல் பக்கக் கம்பையும் செங்குத்தாகப் பிடிக்கிறார்கள். கயிறு விறைப்பாக இருக்கட்டும். தரை கடலை நோக்கி இறங்கும் இடத்தில், கரைப் பக்கம் நிற்பவர் கடல் பக்கக் கம்பின் உச்சியும் தொடுவானமும் ஒரே கோட்டில் வரும்படி கண்ணை ஏற்றி இறக்கிப் பார்க்கிறார். அந்தக் கோடு தன் கம்பை எந்த எண்ணில் வெட்டுகிறதோ, அதுதான் அந்த 1.5 மீட்டரில் தரை இறங்கிய அளவு. தரை கடலை நோக்கி ஏறினால் (மணல் விளிம்புக்குப் பின்னால் பள்ளம் இருக்கும்போது இப்படி வரும்) தலைகீழாக, தன் கம்பின் உச்சி வழியாகத் தொடுவானத்தைப் பார்த்து, கடல் பக்கக் கம்பில் எண்ணைப் படிக்க வேண்டும். இறக்கத்துக்குக் கழித்தல் குறி, ஏற்றத்துக்குக் கூட்டல் குறி. பிறகு கரைக் கம்பு கடல் கம்பு நின்ற அதே குழிக்கு நகர்கிறது, கடல் கம்பு முன்னே போகிறது. முழங்கால் தண்ணீர் வரை இதே வேலை. ஓதம் நன்றாக வற்றிய நேரத்தில் தொடங்கினால் அதிக தூரம் போகலாம். சர்வே ஆஃப் இந்தியாவின் ஓத அட்டவணையில் நேரம் கிடைக்கும்.

ஒரு திருத்தம் உண்டு, பலர் விட்டுவிடுவது. பூமி உருண்டை, ஆகவே தொடுவானம் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழேதான் இருக்கும். கண் கடல் மட்டத்திலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருந்தால் ஒவ்வொரு 1.5 மீட்டர் நகர்வுக்கும் சுமார் 1 மி.மீ., 5 மீட்டரில் இருந்தால் கிட்டத்தட்ட 2 மி.மீ. இது எப்போதும் ஒரே பக்கம்தான் தவறும்: இறக்கத்தைக் குறைத்தும் ஏற்றத்தைக் கூட்டியும் காட்டும். 60 மீட்டர் கரைக்கு மொத்தம் 4 முதல் 8 செ.மீ. வரை. மூட்டத்தில் தொடுவானம் தெரியாத நாளில் அளவைத் தள்ளிப்போடலாம், அல்லது கொத்தனார்கள் வைத்திருக்கும், தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலால் அளக்கலாம். கிழக்குக் கரையில் காலைச் சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும் என்பதால் பிற்பகலே வசதி.

இதைவிடப் பெரிய ஏமாற்றம் கரையின் பிறை வளைவுகளில் இருக்கிறது. அலை பல இடங்களில் மணலைக் கொம்பும் குடாவுமாக மாற்றி மாற்றிச் செதுக்கிவைக்கும். ஒருமுறை கோடு கொம்பின் மேலும் அடுத்தமுறை குடாவிலும் விழுந்தால், ஒன்றுமே நடக்காத கரை அரை மீட்டர் தேய்ந்ததாகத் தோன்றும். பக்கத்தில் பக்கத்தில் மூன்று கோடுகள் அளந்து சராசரி எடுங்கள்.

இரண்டு முறை அளந்த கோடுகளை வரைபடத்தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்தால், நடுவில் உள்ள பரப்புதான் போன மணல் அல்லது வந்த மணல். உதாரணமாக 40 மீட்டர் அகலத்தில் சராசரியாக அரை மீட்டர் தாழ்ந்திருந்தால், கரையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 20 கன மீட்டர். லாரிக்காரர்கள் கணக்கில் ஒரு யூனிட் நூறு கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். ஆக மீட்டருக்கு ஏழு யூனிட் மணல். கூட்டத்தில் அதிகாரிகள் முன்னால் இப்படிச் சொன்னால் யாருக்கும் உடனே புரியும்.

ஆனால் எந்த மாதத்தை எந்த மாதத்தோடு ஒப்பிடுகிறோம் என்பது முக்கியம். வாடைக்காற்றுக் காலத்தில் அலை செங்குத்தாக எழும்பி மேட்டு மணலை வாரிக் கடலுக்குள் திட்டாகப் போட்டுவைக்கும். அமைதியான மாதங்களில் அதே மணல் மெல்லத் திரும்பும். செப்டம்பரையும் டிசம்பரையும் ஒப்பிட்டால் எல்லாக் கரையும் அழிவதாகத்தான் தெரியும். ஜனவரியை அடுத்த ஜனவரியோடு வைத்துப் பாருங்கள். கத்தியால் மேட்டு விளிம்பை நேராக வெட்டிப் பார்த்தாலும் இது தெரியும். வெள்ளை மணலுக்கு இடையே கறுப்பும் கருஞ்சிவப்புமாகக் கோடுகள் இருக்கும். வெள்ளை மணலான குவார்ட்ஸின் அடர்த்தி தண்ணீரைப்போல 2.65 மடங்கு, கறுப்புக் கனிமமான இல்மனைட்டுக்கு சுமார் 4.7 மடங்கு; பெரிய அலை லேசான மணியைக் கொண்டுபோய்விட, கனமானது தங்கிவிடுகிறது.

வருடத்துக்கு வருடம் திரும்பாத இழப்புக்குக் காரணம் பெரும்பாலும் தெற்கே ஏதோ ஒரு கட்டுமானம். சோழமண்டலக் கரையில் மணல் இரு பருவத்திலும் இரு திசையில் நகர்ந்தாலும், வருடக் கணக்கில் மிச்சம் வடக்கு நோக்கித்தான். 1876இல் பணி தொடங்கிய சென்னைத் துறைமுகம் அதைத் தடுத்தது. தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் கரையை இழந்து கல்சுவரோடு நிற்கிறது. புதுச்சேரியில் 1980களில் கட்டிய துறைமுகத் தடுப்புகள் அதையே செய்தன. 2018இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் கடலுக்குள் அமைத்த செயற்கைத் திட்டுக்குப் பிறகுதான் நகரின் முன் கொஞ்சம் மணல் திரும்பியது. அதனால் உங்கள் கோடுகளில் ஒன்று தூண்டில் வளைவுக்கு (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) தெற்கேயும் இன்னொன்று வடக்கேயும் இருக்கட்டும். தெற்கே ஏறி வடக்கே இறங்குகிறது என்பதை மூன்று ஜனவரிகள் தொடர்ந்து காட்டினால், அது பருவத்தின் வேலை என்று யாரும் தள்ளிவிட முடியாது.

நோட்டில் தேதி, நேரம், ஓத நிலை, காற்றுத் திசை, யார் கம்பைப் பிடித்தார்கள் என்பவற்றை எழுதுங்கள். பென்சிலால் எழுதுங்கள், உப்புத் தண்ணீர் பட்டால் மை கரைந்துவிடும்.