நான்கு அங்குல டயர் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு

மவுண்ட் ரோட்டில் நான்கு அங்குல அகல டயர் போட்ட சைக்கிளை மூச்சு வாங்க மிதித்துப் போகும் பிள்ளைகளைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. அலாஸ்கா பனியிலும் நியூ மெக்சிகோ மணலிலும் புதையாமல் போகப் பிறந்த வண்டி அது. 2005-ல் சர்லி கம்பெனியின் பக்ஸ்லி என்ற மாடல் வந்த பிறகுதான் கடைகளில் பரவியது. தார் ரோட்டில் அதற்கு வேலையே இல்லை.

ஆனாலும் வாங்கியாகிவிட்டதா? முதலில் காற்றைப் பாருங்கள். பனியில் 5 முதல் 8 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) போதும். அதே காற்றோடு ரோட்டில் போனால் டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி உங்கள் பலத்தைத் தின்னும், வளைவில் ஹேண்டிலும் ஒரு பக்கம் இழுக்கும். 20 பிஎஸ்ஐ வையுங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவைத் தாண்டவே கூடாது. பெட்ரோல் பங்க் குழாயில் சட்டென்று ஏறிவிடும். கைப்பம்புதான் நல்லது, கொஞ்சம் பொறுமை வேண்டும்.

பெடல் அச்சு உட்காரும் கூட்டின் அகலம் சாதாரண சைக்கிளில் 68 மில்லிமீட்டர், இதில் பெரும்பாலும் 100. கால் அகன்றே மிதிக்க வேண்டும். முட்டி வலித்தால் சீட்டைக் குறை சொல்வதற்குமுன் இதை நினையுங்கள்.

பஞ்சர் கடையில் இந்த அளவு டியூப் கிடைப்பது அரிது. அவசரத்துக்கு 26 அங்குல எம்டிபி (மலை சைக்கிள்) டியூப் (2.125 அங்குல அகலம்) போட்டு வீடு சேரலாம். விரிந்து மெலிந்துபோகும், அதனால் மறுநாளே மாற்றுங்கள்.

மழைக்கு அகல மட்கார்டு கட்டாயம். இல்லையென்றால் முதுகு முழுக்கச் சேறுதான்.