டெர்பி வாரம்

மே 30
இங்கிலாந்தின் எப்சமில் நடக்கும் டெர்பி குதிரைப் பந்தயத்தில் ஓட வயது மூன்றுதான் இருக்க வேண்டும். ஆணும் ஓடலாம், பெண்ணும் ஓடலாம். காயடித்த குதிரைக்கு இடமில்லை. பெண் குதிரைக்கு எடையில் 3 பவுண்டு சலுகை. அப்படியும் ஜெயித்த பெண் குதிரைகள் ஆறே ஆறு. கடைசி ஃபிஃபினெல்லா, 1916. அதுவும் போர்க்காலம்; பந்தயமே நியூமார்க்கெட்டில் நடந்தது.

ஜூன் 1
மறுபடியும் 1844 டெர்பி மோசடி.

மே 22 அன்று முதலில் வந்தது ரன்னிங் ரெய்ன். உண்மையில் அது மக்காபியஸ், வயது நான்கு. முந்தின ஆண்டே நியூமார்க்கெட்டில் இரண்டு வயதுக் குதிரையாக ஓடி ஜெயித்தபோது ஆட்சேபம் எழுந்தது. லாயத்துப் பையன் ஒருவன் சாட்சி சொன்னான், விட்டுவிட்டார்கள். வாயைத் திறந்து பார்த்திருந்தால் போதும். கீழ்த்தாடையில் முன்பல் ஆறு. நடு ஜோடி இரண்டரை வயதில் விழுந்து முளைக்கும், அடுத்தது மூன்றரையில், ஓரத்து ஜோடி நாலரையில். ஆக, மே மாதத்தில் மூன்று வயதுக் குதிரைக்கு நிலைப்பல் இரண்டு, நான்கு வயதுக்கு நான்கு. பால்பல் சின்னது, வெள்ளை, ஈறருகே ஒடுங்கியிருக்கும். நிலைப்பல் அகலம், மஞ்சள், வரியோடியது. மயிருக்குச் சாயம் பூசலாம். சாயம் விற்ற கடை வரை போய்த் துப்புத் துலக்கினார் பந்தய மோசடிகளை எதிர்த்த ஜார்ஜ் பென்டிங்க் பிரபு. பல்லுக்கு எதைப் பூசுவது?

தானம் வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. பரிசு யாருக்கு என்று வழக்கு நடந்தது. ஜூலையில் நீதிபதி குதிரையைக் கொண்டுவரச் சொன்னார். வரவில்லை. வழக்கு கவிழ்ந்து, வெற்றி இரண்டாவதாக வந்த ஆர்லாண்டோவுக்குப் போனது.

ஜூன் 3
மழை.

ஜூன் 4
1913-இல் இதே தேதி. பெண்கள் வாக்குரிமைக்குப் போராடிய எமிலி டேவிசன் பந்தயப் பாதைக்குள் இறங்கினார். மன்னரின் குதிரை ஆன்மர் மோதியது. நான்காம் நாள் அவர் உயிர் போனது.

ஜூன் 5
1780-இல், முதல் டெர்பியில், டயோமெட் என்ற குதிரை ஜெயித்தது ஒரு மைல் பந்தயம். 1784-இல் ஒன்றரை மைல் ஆக்கியபோதுதான் டாட்டன்ஹாம் வளைவு வந்து சேர்ந்தது, வினையே அங்கேதான். முதல் பாதி கிட்டத்தட்ட 140 அடி ஏற்றம். அங்கே அவசரப்பட்டால் தொலைந்தது. பிறகு இறங்கிக்கொண்டே இடப்பக்கம் திரும்ப வேண்டும். நீளக்கால் குதிரை இங்கே நிலை தடுமாறும். நேர்ப்பாதைக்கு வந்தாலும் தரை உள்வேலிப் பக்கம் சரிவு. களைத்த குதிரை தானாக அங்கே ஒதுங்கும், உள்ளே இருப்பது நசுங்கும். முடிவில் மறுபடி ஏற்றம்.

ஜாக்கி லெஸ்டர் பிகாட் இதை ஒன்பது முறை ஜெயித்தார்.

ஜூன் 6
இங்கே எல்லாப் பந்தயக் குதிரைக்கும் பிறந்தநாள் ஜனவரி 1. ஜனவரியில் பிறந்ததும் மே மாதத்தில் பிறந்ததும் ஏட்டில் ஒரே வயது. நாளை ஓடுகிறவற்றில் பிந்திப் பிறந்தது எது என்று பார்க்க வேண்டும்.