பதினாறு வரி ஃபர்ம்வேர்

2024 மார்ச் 9, சனி

ஸ்கிராப் மெக்கானிக் என்ற வீடியோ கேமில் வண்டி கட்டி மலையிலிருந்து உருட்டிவிடுவது அலுத்துவிட்டது. மூன்று வாரமாக லாஜிக் கேட்டுகளால் (வரும் சிக்னல்களைப் பார்த்து எரிவதா அணைவதா என்று முடிவெடுக்கும் சின்னப் பெட்டிகள்) ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் கட்டிக்கொண்டிருக்கிறேன். வேலை ஒன்றே ஒன்று: லாரியை ஏற்றி இறக்கும் பிஸ்டன் மேடையை ஓட்டுவது.

இன்று ரோம், அதாவது கட்டளைகளை வைத்திருக்கும் நினைவகம், முடிந்தது. 16 வரி, வரிக்கு 8 பிட் (ஒவ்வொன்றும் ஒன்று அல்லது பூஜ்யம்). நான்கு நார் கேட் (ஒரே ஒரு இன்புட் கொடுத்தால் அதைத் தலைகீழாக்கும்), பதினாறு ஆண்ட் கேட் (எல்லா இன்புட்டும் எரிந்தால்தான் எரியும்), எட்டு ஆர் கேட் (ஒன்று எரிந்தாலே போதும்). ‘ஒன்று’ வேண்டிய இடத்தில் ஒயர் இழுக்க வேண்டும், ‘பூஜ்யம்’ என்றால் சும்மா விட வேண்டும். ஃபர்ம்வேர் (எந்திரத்துக்குள்ளேயே பதித்த நிரல்) என்று நான் பெருமையாகச் சொல்வது இந்த ஒயர்களைத்தான்.

இந்த விளையாட்டு உலகத்தில் நேரத்தின் மிகச் சின்னத் துண்டு டிக். நொடிக்கு 40 டிக். ஒவ்வொரு கேட்டும் ஒரு டிக் தின்னும். ஒரு கட்டளைக்கு 16 டிக் ஒதுக்கியிருக்கிறேன். ஆக, நொடிக்கு இரண்டரை கட்டளை. பதினாறு வரியும் ஓடி முடிய 6.4 நொடி. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

மார்ச் 10, ஞாயிறு

அக்கா பையன் வந்திருந்தான். ஸ்டார்ட் பட்டனை அவனிடம் விட்டேன். பச்சை விளக்கு ஒரு முறை எரிந்தது, அடுத்த முறை எரியவில்லை.

“ரெண்டு தடவை அமுக்காதடா.”

“இல்ல மாமா, ஒரு தடவைதான் அமுக்கினேன். சாமி சத்தியமா!”

அவன் சொன்னது உண்மைதான். விளக்கின் நிலையை வைத்திருப்பது தன் அவுட்புட்டைத் தனக்கே இன்புட்டாகக் கொடுத்த ஒரு எக்ஸ்ஆர் கேட் (ஒற்றைப்படை எண்ணிக்கையில் இன்புட் எரிந்தால்தான் எரியும்). சிக்னல் இருக்கும்வரை டிக்குக்கு ஒரு முறை அது புரளும். விரல் 20 டிக் இருந்தால் பழைய நிலை, 21 என்றால் புதிய நிலை. ஒற்றையா இரட்டையா விளையாட்டுதான்.

மருந்து இரண்டே கேட். பட்டனிலிருந்து நேராக ஒரு ஒயர், நார் வழியாகத் தலைகீழாக இன்னொன்று, இரண்டும் ஒரு ஆண்ட் கேட்டில் சேர வேண்டும். நார் ஒரு டிக் பின்தங்குவதால், அமுக்கிய கணத்தில் மட்டும் ஒரே ஒரு டிக் துடிப்பு வெளியே வரும். அதற்கப்புறம் அரை மணி நேரம் அழுத்திப் பிடித்தாலும் சரி.

மார்ச் 13, புதன்

மூன்று ராத்திரி தூக்கத்தைக் கெடுத்த பேய் பிடிபட்டது.

மேடை மேலே போகும், விளக்கு எரியும், உடனே மேடை தானாக இறங்கும். வரிகளைத் தானாக நகர்த்தும் கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, பட்டனால் வரி வரியாக நகர்த்திப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் 6இலிருந்து 7க்குப் போகும்போதுதான். 6ஆம் வரியில் கட்டளை எண் 2, விளக்கைப் போடு. 7இல் எண் 1, சும்மா இரு. மேடையைத் திருப்பும் கட்டளை எண் 3. அது இரண்டு வரியிலும் இல்லை!

பென்சிலும் தாளும் எடுத்து டிக் டிக்காக எழுதியபோதுதான் உறைத்தது. முகவரியின், அதாவது வரி எண்ணின், கடைசி பிட் 0இலிருந்து 1 ஆகிறது. நேர் ஒயர் உடனே போய்ச் சேர்கிறது, நார் வழியாகப் போகும் தலைகீழ் ஒயர் ஒரு டிக் தாமதமாக. அந்த ஒரு டிக்கில் 6ஆம் வரியும் 7ஆம் வரியும் சேர்ந்தே எரிகின்றன. 2ம் 1ம் ஆர் கேட்டில் கலந்தால் 3 (பைனரியில் 10ம் 01ம் சேர்ந்தால் 11). மேடையின் நிலையை வைத்திருக்கும் எக்ஸ்ஆரைப் புரட்ட ஒரு டிக் போதுமே.

நேர் ஒயர்களிலும் சும்மா தாமதத்துக்கென்று ஆளுக்கொரு ஆர் கேட் சொருகினேன். நான்கு கேட். பேய் போயிற்று.

மார்ச் 16, சனி

லாரியை ஏற்றிப் பார்த்தேன். அசிங்கமாகிவிட்டது.

மேடை மேலே போக ஐந்து ‘சும்மா இரு’ வரிகள், அதாவது 2 நொடி, விட்டிருந்தேன். காலி மேடைக்குச் சரி. லாரி ஏறியதும் பிஸ்டன் திணறி, மேடை பாதியில் இருக்கும்போதே பச்சை விளக்கு எரிந்துவிட்டது. இன்னும் மூன்று வரி சேர்க்கலாம்தான். நாளைக்கு மருமகன் இரண்டு லாரி ஏற்றுவான், அப்போது?

நேரத்தை எண்ணுவதை விட்டேன். மேலே ஒரு சென்சார் வைத்து, ‘காத்திரு’ என்று புதிய கட்டளை ஒன்று. சென்சார் மேடையைப் பார்க்கும்வரை வரி எண்ணிக்கு (அடுத்த வரிக்கு நகர்த்தும் பகுதிக்கு) துடிப்பு போகாது, அவ்வளவுதான். கூடுதல் செலவு மூன்று கேட். ஐந்து வரி ஒரு வரியானது.

மார்ச் 22, வெள்ளி

கையால் ஒயர் இழுப்பதற்கு இன்றோடு கும்பிடு. விளையாட்டில் சேமித்து வைக்கும் புளூபிரிண்ட் எல்லாம் ஜேசன் என்ற எழுத்து வடிவ ஃபைல்தான். ஒவ்வொரு கேட்டுக்கும் ஒரு எண், அதன் வகை, எதோடு இணைந்திருக்கிறது என்று எல்லாம் அதில் இருக்கிறது. நான் எழுதும் 16 வரியைப் படித்து ரோம் பகுதியை ஃபைலில் நிரப்ப பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரு சின்ன நிரல் போட்டேன்.

முதல் முறை இறக்கியதும் எந்திரம் 11ஆம் வரியிலிருந்து ஓடத் தொடங்கியது. சேமித்த நேரத்தில் எரிந்துகொண்டிருந்த கேட்டுகள் ஃபைலிலும் எரிந்தபடியே பதிவாகியிருக்கின்றன. அதனால் ரீசெட் பட்டன் ஒன்று வேண்டியதாயிற்று. எக்ஸ்ஆருக்குப் பூஜ்யமாக்கத் தெரியாது, புரளத்தான் தெரியும். ஆகவே அதன் அவுட்புட்டையும் ரீசெட் துடிப்பையும் ஒரு ஆண்ட் கேட்டில் சேர்த்து அதற்கே திருப்பிவிட்டேன். எரிகிறது மட்டும் அடி வாங்கி அணையும்.

மிச்சமிருக்கும் நான்கு வரியையும் ஹாரனுக்குக் கொடு என்கிறான் மருமகன். ஒன்று தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.