தபால் நிலையத்திலிருந்து ரானலா வரை

டப்ளினில் ஒரு நாளை, ஐரிஷ் மொழிவழிப் பள்ளி தொடங்கிய ஆசிரியை லூயிஸ் கவான் டஃபிக்கு என்றே ஒதுக்கி வைத்திருந்தேன். காலையில் முதலில் போனது ஓகானல் தெருவில் உள்ள தலைமைத் தபால் நிலையம். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சியின் தலைமையிடம் இதுதான்.

அந்தத் திங்கட்கிழமை லூயிஸ் தன் அறையில் எம்.ஏ. ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்தார். கிளர்ச்சி தொடங்கிய சேதி தெரிந்ததும் நேரே இங்கே வந்து எழுச்சியின் தலைவர் பாட்ரிக் பியர்ஸைப் பார்த்தார். பியர்ஸ் தொடங்கிய பெண்கள் பள்ளியில் முன்பு பாடம் நடத்தியவர் என்பதால் பழக்கம் உண்டு. 'இது பெரிய தவறு, ஜெயிக்க வாய்ப்பே இல்லை. ஆனாலும் நான் இங்கே இருக்க வேண்டும்' என்கிற பொருளில் அவரிடம் பேசியிருக்கிறார். பியர்ஸ் சமையலறையில் உதவும்படி சொன்னார். கட்டடம் தீப்பிடித்து எரிந்த வெள்ளிக்கிழமை வரை லூயிஸ் அங்கே சமைத்தார். எழுச்சி நடத்திய தலைவரிடமே அதைத் தவறு என்று சொல்லிவிட்டு, குண்டு விழும் இடத்தில் உலை வைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அந்தத் தூண்களுக்கு நடுவே நின்று வெகுநேரம் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் லிஃபி ஆற்றுப் பாலத்தைக் கடந்து செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீன் வரை நடந்தேன். 1917இல் ஆனி மெக்யூவுடன் சேர்ந்து லூயிஸ் பள்ளி தொடங்கிய இடம் இது. பெயர் ஸ்கோல் வ்ரீஜா, அதாவது பிரிஜிட் பள்ளி. எல்லாப் பாடமும் ஐரிஷ் மொழியில். லூயிஸ் பிறந்து வளர்ந்ததோ பிரான்சின் நீஸ் நகரில். அயர்லாந்தை அவர் முதலில் பார்த்ததே 1903இல், அப்பாவின் இறுதிச் சடங்குக்கு வந்தபோதுதான். வயது வந்தபின் கற்ற மொழியைப் பிள்ளைகளுக்கு முதல் வகுப்பிலிருந்தே கொடுக்க வேண்டும் என்று 1944 வரை, 27 வருடம், தலைமையாசிரியராக உழைத்தார்.

பள்ளி இப்போது ரானலாவில், ஓக்லி சாலையில் நடக்கிறது. செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீனிலிருந்து லுவாஸ் டிராம் ரயிலில் மூன்றாவது நிறுத்தம். நான் போய்ச் சேர்ந்தபோது பள்ளி விடும் நேரம். உள்ளே போகவில்லை, எதிர்ப்பக்க நடைபாதையிலேயே நின்றேன். பைகளை மாட்டிக்கொண்டு பிள்ளைகள் கத்திக்கொண்டே வெளியே வந்தார்கள். அவர்கள் பேசியதில் எனக்குப் புரிந்தது ஒரே சொல், 'ஸ்லான்'. போய்வருகிறேன் என்று அர்த்தம்.