காசில் இருக்கிறது, ஊரில் இல்லை

ரோமுக்குக் கிளம்பும்போது சில பழைய ரோமக் காசுகளின் படங்களைப் போனில் சேமித்துக்கொள்ளுங்கள். முதல் பயன் விமானத்திலேயே. ரோமின் விமான நிலையமான ஃபியுமிசினோவில் இறங்கும்போது, வரும் திசை வாய்த்தால், ஜன்னலுக்குக் கீழே அறுகோணக் குளம் ஒன்று தெரியும். பேரரசர் டிராஜன் வெட்டிய துறைமுகம் அது. அவர் வெளியிட்ட செஸ்டெர்ஷியஸ் என்ற பெரிய பித்தளைக் காசிலும் அதே அறுகோணம், நடுவில் கப்பல்கள். கடல் இப்போது தள்ளிப் போய்விட்டது.

டெர்மினி நிலையத்தருகே பலாட்ஸோ மாசிமோ அருங்காட்சியகம், திங்கள் விடுமுறை. காசுகள் நிலவறையில். தங்கத்தில் மயங்காமல் பித்தளை செஸ்டெர்ஷியஸுக்கு நேரம் கொடுங்கள். சுமார் 25 கிராம், 33 மி.மீ. அகலம், ஒரு கட்டடத்தையே செதுக்க இடமுண்டு. அதைவிடச் சிறிய காசுகளான டுபாண்டியஸும் ஆஸும் ஏறக்குறைய ஒரே அளவு. முதலாவது பித்தளை, அடுத்தது செம்பு. ஆனால் களிம்பேறியபின் நிறம் உதவாது. பேரரசர் நீரோ காலம் முதல், மன்னர் தலையில் கதிர்முடி இருந்தால் பெரும்பாலும் டுபாண்டியஸ்.

காசின் பின்பக்கத்தில் நிற்கும் பெண் தெய்வங்களின் முகத்தைப் பார்த்துப் பயனில்லை, கையைப் பாருங்கள். சுக்கான் என்றால் அதிர்ஷ்ட தேவதை ஃபார்ச்சூனா, பாம்புக்குத் தீனி கொடுத்தால் ஆரோக்கிய தேவதை சாலுஸ். தராசுதான் வம்பு: நேர்மையின் தேவதை ஈக்விட்டாஸ், நாணயச்சாலையின் தேவதை மொனேட்டா இருவர் கையிலும் அதுவே. எழுத்து தேய்ந்த காசில் அடித்துச் சொல்ல முடியாது. குடியரசுக் காலத்து ஆஸில் ஒருபக்கம் இருமுகத் தெய்வம் ஜானஸின் தலை, மறுபக்கம் கப்பல் முகப்பு. நமக்குப் பூவா தலையா. ரோமச் சிறுவர்களுக்குத் தலையா கப்பலா!

அடுத்து கொலோசியம். கி.பி. 80-81இல் பேரரசர் டைட்டஸ் வெளியிட்ட காசில் அரங்கம் மேலிருந்து பார்த்தாற்போல் சாய்ந்திருக்கும். உள்ளே புள்ளி புள்ளியாக ஜனம். மேல்தள வளைவுகளில் சிலைகள். நேரில் ஒன்றுகூட இல்லை. காசில் அரங்கத்தின் பக்கத்தில் கூம்பாக நிற்பது மெட்டா சூடான்ஸ் நீரூற்று. அதன் மிச்சத்தை 1936இல் இடித்துவிட்டார்கள். கான்ஸ்டன்டைன் வளைவுக்குப் போகும் வழியில் தரையில் அதன் அடித்தள வட்டம் மட்டும் தெரியும். தெரியாதவர்கள் கடந்து போய்விடுவார்கள்.

டிராஜன் தூணின் உச்சியில் இன்று நிற்பவர் புனித பேதுரு, 1587இல் ஏற்றப்பட்டவர். காசில் அங்கே டிராஜனே நிற்கிறார். சுருள் சிற்பங்களுக்குச் சில கோடுகளே. அச்சு வெட்டியவரைக் குறைசொல்ல முடியாது. காசில் தூணடியில் கழுகுகள் உண்டு. பீடத்து மூலைகளில் தேடிப் பாருங்கள், தேய்ந்து கிடக்கின்றன.