பாயிங்க்கில் 1650-ஐ ஒதுக்கி 1080-ஐ ஓட வைப்பது

இடம் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை. ஒரே போர்டில் இரண்டு கிராஃபிக்ஸ் கார்டு (ஜிபியு): ஜிடிஎக்ஸ் 1080, ஜிடிஎக்ஸ் 1650. மானிட்டர் 1650-ல் சொருகியிருக்கிறது. ஆய்வுத் திட்டங்களுக்கு நம் கம்ப்யூட்டரின் திறனைக் கடன் கொடுக்கும் மென்பொருள் பாயிங்க். அதன் கணக்கு முழுக்க 1080-ல் ஓட வேண்டும், 1650 திரைக்கு மட்டும். பாயிங்க்கை நிறுவி ஐன்ஸ்டீன் அட் ஹோம் என்ற வானியல் ஆய்வுத் திட்டத்தில் சேர்த்தால் நேர் எதிராக நடக்கிறது. வேலை 1650-ல் ஏறுகிறது, 1080 சும்மா கிடக்கிறது.

1080-ல் 2560 க்யூடா கோர் (என்விடியா கார்டில் கணக்குப் போடும் சிறு அலகு), 8 ஜிபி மெமரி. 1650-ல் 896 கோர், 4 ஜிபி. பிறகு ஏன் சின்னதைப் பிடிக்கிறது? ஒரே கம்பெனியின் கார்டுகள் ஒன்றுக்கு மேல் இருந்தால், பாயிங்க் தானாக 'திறன் மிக்க' ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளும். அந்தத் திறனை அளக்க ஒரு வரிசை வைத்திருக்கிறது. முதலில் கம்ப்யூட் கேப்பபிலிட்டி (கார்டின் தலைமுறைக்கு என்விடியா தரும் எண்), பிறகு மென்பொருள் பதிப்பு, பிறகு மெமரி, கடைசியில்தான் வேகம். 1080 பாஸ்கல் தலைமுறை, அதன் எண் 6.1. 1650 டூரிங் தலைமுறை, 7.5. முதல் படியிலேயே 1650 ஜெயித்துவிடுகிறது, கோர் எண்ணிக்கை வரைக்கும் பேச்சே போவதில்லை. கைமாறி வாங்கிய பழைய பெரிய கார்டும் புதிய சின்ன கார்டும் ஒன்றாக இருக்கும் எந்த மெஷினிலும் இதே கதைதான். கார்டில் கோளாறு என்று நினைத்துக் கழற்றி மாட்ட வேண்டாம்.

கான்ஃபிக் கோப்பில் கை வைக்கும் முன் லாகைப் படியுங்கள். பாயிங்க் மேனேஜரில் டூல்ஸ் மெனுவுக்குள் ஈவென்ட் லாக் இருக்கிறது. அதன் முதல் இருபது, முப்பது வரிகளுக்குள் 'க்யூடா: என்விடியா ஜிபியு 0' என்று தொடங்கும் வரி வரும். அதில் கார்டின் பெயர், டிரைவர் பதிப்பு, கம்ப்யூட் கேப்பபிலிட்டி, மெமரி எல்லாம் இருக்கும். அடுத்தது 'ஜிபியு 1'. பயன்படுத்தாத கார்டின் வரியில் 'நாட் யூஸ்டு' என்ற குறிப்பும் இருக்கும். அதே கார்டுகளுக்கு 'ஓப்பன்சிஎல்' என்று தொடங்கும் வரிகளும் தனியாக வர வேண்டும். க்யூடா என்விடியாவுக்கே உரிய கணக்கு வழிமுறை, ஓப்பன்சிஎல் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவானது. ஐன்ஸ்டீனின் வேலைகளுக்கு ஓப்பன்சிஎல் தேவைப்படலாம். க்யூடா வரி மட்டும் வந்து ஓப்பன்சிஎல் வரி வராவிட்டால் டிரைவர் அரைகுறையாக ஏறியிருக்கிறது என்று அர்த்தம். விண்டோஸ் அப்டேட் தானாகப் போட்ட டிரைவரை எடுத்துவிட்டு என்விடியா தளத்திலிருந்து முழு டிரைவரைப் போடுங்கள்.

இந்த லாகில் உள்ள எண்தான் பாயிங்க்குக்குப் புரியும் எண். பலர் டிரைவரோடு வரும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையை ஓட்டி, அங்கே வரும் 0, 1-ஐக் கொண்டுவந்து கான்ஃபிக்கில் போடுகிறார்கள். என்விடியா-எஸ்எம்ஐ பிசிஐ ஸ்லாட் வரிசைப்படி எண்ணும். க்யூடாவோ வழக்கமாக வேகமான கார்டை முதலில் வைக்கும். மேல் ஸ்லாட்டில் 1650 இருந்தால் எஸ்எம்ஐ-யில் அது 0, பாயிங்க் லாகில் 1 என்று மாறிவிடலாம். எண் புரண்டால் வேண்டிய கார்டே ஒதுக்கப்படும். எங்கள் லாகில் 1080-க்கு 0, 1650-க்கு 1. கீழே வருவதெல்லாம் அந்தக் கணக்கில்தான்.

இனி கோப்பு. விண்டோஸில் சி டிரைவில் புரோகிராம்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டருக்குள் பாயிங்க் ஃபோல்டர். உபுண்டு, டெபியனில் வார், லிப், பாயிங்க்-கிளையன்ட் என்ற பாதை. அதற்குள் சிசி_கான்ஃபிக்.எக்ஸ்எம்எல் என்ற கோப்பு இல்லையென்றால் உருவாக்க வேண்டும். இங்கே தமிழில் ஒலிபெயர்த்திருக்கும் பெயர்களையெல்லாம் கோப்பில் ஆங்கிலச் சிற்றெழுத்திலும், சொற்களுக்கு நடுவே அடிக்கோட்டோடும் எழுத வேண்டும். வெளி டேக் சிசி_கான்ஃபிக். அதற்குள் ஆப்ஷன்ஸ். அதற்குள் இக்னோர்_என்விடியா_டெவ் என்ற டேக்கைத் திறந்து 1 என்று எழுதி மூட வேண்டும். 1650 முழுமையாக ஒதுங்க இந்த ஒரு வரி போதும். ஒதுக்கிய கார்டைப் போட்டியிலேயே சேர்க்காமல் மீதியில் சிறந்ததை பாயிங்க் எடுக்கும் என்பதால் 1080 தானாக வந்துவிடும். எல்லாக் கார்டையும் ஓட்டச் சொல்லும் யூஸ்_ஆல்_ஜிபியுஸ் இந்த வேலைக்குத் தேவையில்லை.

நோட்பேடில் சேமிக்கும்போது கோப்பின் வால் டிஎக்ஸ்டி ஆகிவிடும். 'சேவ் அஸ் டைப்' இடத்தில் 'ஆல் ஃபைல்ஸ்' தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். ஃபோல்டரில் ஃபைல் எக்ஸ்டென்ஷன் தெரியும்படி வைத்து ஒருமுறை பார்ப்பது நல்லது. டேக்கை மூடும் சாய்கோடு விட்டுப்போனால் லாகிலேயே அந்தக் கோப்பின் பெயரைச் சொல்லிக் குறை காட்டும்.

அடுத்து ரீஸ்டார்ட். ஆப்ஷன்ஸ் மெனுவில் 'ரீட் கான்ஃபிக் ஃபைல்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. மற்ற பல மாற்றங்களுக்கு அது போதும், கார்டை ஒதுக்கும் மாற்றத்துக்குப் போதாது. கார்டுகளை பாயிங்க் தொடக்கத்தில் ஒரே ஒருமுறைதான் எண்ணிப் பார்க்கும். மேனேஜர் ஜன்னலை மூடினாலும் கணக்கை ஓட்டும் கிளையன்ட் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். ஃபைல் மெனுவில் 'எக்சிட் பாயிங்க்' கொடுத்து, ஓடும் டாஸ்க்குகளையும் நிறுத்தச் சொல்லி வெளியேறி, மறுபடி திறக்க வேண்டும். லினக்ஸில் சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் பாயிங்க்-கிளையன்ட், முன்னால் சூடோ. இப்போது லாகில் 1650 வரியில் 'இக்னோர்டு பை கான்ஃபிக்' என்று வந்தால் விஷயம் முடிந்தது. 1650-ல் பாதியில் நின்ற டாஸ்க் கடைசி செக்பாயின்டிலிருந்து (கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து) 1080-ல் தொடரும். இரண்டும் என்விடியா என்பதால் அது நடக்கும். ஏஎம்டி கார்டுக்கென்று இறங்கிய டாஸ்க் என்விடியாவில் ஓடாது, அதை அபார்ட் செய்துவிட வேண்டியதுதான்.

எல்லாம் சரியாக இருந்தும் ஜிபியு வேலை நகரவில்லையா? மவுஸை விட்டுவிட்டுச் சில நிமிடம் காத்திருங்கள். 'கம்ப்யூட்டர் பயன்பாட்டில் இருக்கும்போது ஜிபியு கணக்கை நிறுத்து' என்பது கம்ப்யூட்டிங் பிரிஃபரன்சஸில் முதலிலிருந்தே டிக் ஆகியிருக்கும். மானிட்டர் வேறு கார்டில் இருப்பதால் இந்த டிக்கைத் தாராளமாக எடுத்துவிடலாம், திரை திணறாது. விண்டோஸில் பாயிங்க்கை சர்வீஸாக நிறுவியிருந்தால் ஜிபியுவை அது தொடவே முடியாது. அந்த ஆப்ஷன் இல்லாமல் திரும்ப நிறுவுவது ஒன்றே வழி.

இரண்டு கார்டையும் ஓட்டி, ஆளுக்கொரு திட்டம் பிரித்துக் கொடுக்க விரும்பினால் வழி வேறு. இக்னோர் வரியை எடுத்துவிட்டு, யூஸ்_ஆல்_ஜிபியுஸ் 1 என்று வைத்து, எக்ஸ்க்ளூட்_ஜிபியு என்ற தொகுதியைச் சேர்க்க வேண்டும். அதற்குள் யுஆர்எல், டிவைஸ்_நம், டைப் என்ற மூன்று டேக். ஐன்ஸ்டீன் 1650-க்குப் போகக் கூடாது என்றால் டிவைஸ்_நம் 1, டைப் என்விடியா. டைப்பில் என்விடியா பெரிய எழுத்தில் வரும். ஏஎம்டி கார்டுக்கு இன்றும் பழைய பெயரான ஏடிஐ என்றுதான் எழுத வேண்டும். யுஆர்எல் தான் பலரையும் திணறடிக்கும் இடம். ஐன்ஸ்டீனின் இணையதளம் ஐன்ஸ்டீன்அட்ஹோம் டாட் ஓஆர்ஜி, ஆனால் பாயிங்க் அந்தத் திட்டத்தைப் பதிந்து வைத்திருப்பது ஐன்ஸ்டீன் டாட் ஃபிஸ் டாட் யூடபிள்யூஎம் டாட் இடியூ என்ற முகவரியில். தளத்தின் முகவரியை ஒட்டினால் விலக்கு வேலை செய்யாது. மேனேஜரில் திட்டத்தைத் தேர்ந்தெடுத்து ப்ராப்பர்ட்டீஸ் திறந்தால் சரியான யுஆர்எல் இருக்கும், அதை எழுத்து மாறாமல் எடுங்கள். பிராசஸருக்குள்ளேயே இருக்கும் இன்டெல் கிராஃபிக்ஸ் வேறு கம்பெனிக் கணக்கு என்பதால், அதற்கு மறுபடி 0-விலிருந்து எண் தொடங்கும், அதுவும் தானாக வேலைக்கு வரும். அதை நிறுத்தக் கோப்பைத் தொட வேண்டாம். ஐன்ஸ்டீன் தளத்தில் உங்கள் கணக்கின் பிரிஃபரன்சஸில் இன்டெல் ஜிபியுவை அணைத்துவிட்டு, மேனேஜரில் அப்டேட் கொடுத்தால் போதும். பிராசஸரின் சூட்டையும் மெமரி வேகத்தையும் அது பங்குபோடுவதால் அணைப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து.

ஓடுவது எந்தக் கார்டு என்று பார்க்க, இரண்டும் இயங்கும்போது டாஸ்க் வரியின் ஸ்டேட்டஸிலேயே 'டிவைஸ் 0' என்று இருக்கும். விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் ஜிபியு 0 சதவீதம் என்று காட்டினால் பதற வேண்டாம், அது 3டி வரைபடம். அதைக் கம்ப்யூட் அல்லது க்யூடாவுக்கு மாற்றிப் பாருங்கள். ஒரு சிபியு த்ரெட் முழுதாக 100 சதவீதத்தில் ஓடுவதும் கோளாறு அல்ல. என்விடியாவின் ஓப்பன்சிஎல் கார்டின் பதிலுக்காக ஓயாமல் விசாரித்துக்கொண்டே இருக்கும். அதற்காக ஒரு த்ரெட்டை ஒதுக்கி வையுங்கள். ரொசெட்டா மாதிரி சிபியு திட்டத்தை எல்லாக் கோரிலும் நிரப்பினால் 1080 பட்டினி கிடக்கும்.

இனி கரண்ட். 1080 முழு வேகத்தில் 180 வாட். மெஷினின் மீதிப் பாகங்களுக்கு ஒரு 70 வாட் வைத்தால் 250 வாட், நாள் முழுக்க ஓடினால் 6 யூனிட், 30 நாளுக்கு 180. கேரளத்தில் வீட்டு இணைப்பில் மாதம் 250 யூனிட் வரைக்கும்தான் படிப்படியான விலை. தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்து எல்லாவற்றுக்கும் ஒரே உயர்ந்த விலை. வீட்டுச் செலவு 100 யூனிட் என்றால் மொத்தம் 280, தாண்டியாயிற்று. கார்டை 120 வாட்டில் கட்டினால் மொத்தம் 190 வாட், மாதம் 137 யூனிட், வீட்டோடு சேர்த்து 237. கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் இருப்பவர்களுக்கும் கோடு கிட்டத்தட்ட அங்கேதான். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் சலுகை விலை கைவிட்டுப் போகும். வாட்டைக் குறைத்த அளவுக்கு வேகம் குறைவதில்லை என்பதால் இதில் நஷ்டம் கொஞ்சம்தான். பங்குனி, சித்திரை வெயிலில் இன்னொரு லாபமும் உண்டு. 1080 சுமார் 83 டிகிரியைத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், 120 வாட்டில் அந்த நிலை எளிதில் வராது.

கட்டளை என்விடியா-எஸ்எம்ஐ, மைனஸ் ஐ, கார்டு எண், மைனஸ் பிஎல், 120. அட்மின் உரிமை வேண்டும். இங்கே மட்டும் எண் எஸ்எம்ஐ-யின் எண், பாயிங்க்கின் எண் அல்ல. குழப்பமே வேண்டாம் என்றால் மைனஸ் பெரிய எல் போட்டு வரும் யுயுஐடி-யை (கார்டின் தனி அடையாளத்தை) எண்ணுக்குப் பதிலாகக் கொடுங்கள், ஸ்லாட் மாற்றினாலும் மாறாது. கார்டுக்கு அனுமதிக்கப்பட்ட குறைந்தபட்ச வாட்டை மைனஸ் க்யூ, மைனஸ் டி, பவர் என்று கேட்டால் சொல்லும். ரீபூட் ஆனால் இந்த வரம்பு போய்விடும், அதனால் ஸ்டார்ட்அப்பில் ஒரு சிறு சர்வீஸாகப் போட்டு வையுங்கள். துலாமழைக் காலத்தில் பிற்பகல் இடியோடு கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் இது அவசியம். யுபிஎஸ் அல்லது இன்வெர்ட்டர் சைன் வேவ் ஆக இருக்கட்டும். ஸ்கொயர் வேவில் சில பவர் சப்ளைகள் அப்படியே அணைந்துவிடும்.

லினக்ஸில் மட்டும் வரும் இரண்டு. பாயிங்க் என்ற யூசரை வீடியோ, ரெண்டர் குரூப்களில் சேர்க்காவிட்டால் கார்டு கண்ணில் படாமல் போகலாம். ரீபூட்டுக்குப் பிறகு மட்டும் 'நோ யூஸபிள் ஜிபியு' என்று வந்து, கையால் ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது என்றால், டிரைவர் எழுவதற்கு முன் பாயிங்க் எழுந்துவிடுகிறது. சிஸ்டம்சிடிஎல் எடிட்டில் சர்வீஸ் பகுதிக்குள் எக்ஸெக்ஸ்டார்ட்ப்ரீ என்று 30 விநாடி ஸ்லீப் சேர்த்தால் தீரும்.

டிரைவரை மேலே ஏற்றும் முன் ஒன்றைக் கவனியுங்கள். பாஸ்கல் கார்டுகளுக்கு என்விடியா தரும் கடைசி டிரைவர் வரிசை 580. அதற்கு மேல் போனால் 1650 அப்படியே இருக்கும், 1080 மட்டும் லாகிலிருந்து காணாமல் போகும். அப்போது நீங்கள் எழுதிய எண் 1 எந்தக் கார்டையும் குறிக்காது. திரைக்கென்று வைத்த 1650 எண் 0 ஆகி, கணக்கு அதன் தலையில் ஏறும். உபுண்டுவில் ஆப்ட்-மார்க் ஹோல்டு கொடுத்து 580-லேயே நிறுத்துங்கள். விண்டோஸில் டிரைவரின் தானியங்கி அப்டேட்டை அணைத்து வையுங்கள்.